புல எண்ணிலிருந்து தொடங்குங்கள்: நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

குரூப் 4 தேர்வில் தேறி, கலந்தாய்வில் 'நகர் ஊரமைப்பு' என்று துறை ஒதுக்கப்பட்டு வருகிற இளநிலை உதவியாளர்களில் பாதிப்பேர் முதல் நாளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், இது நகராட்சியா, ஊராட்சியா?" இரண்டும் இல்லை. எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் ஆலை வரலாம், எது வயலாகவே இருக்க வேண்டும், மனை போட்டால் சாலை எவ்வளவு அகலம், பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்று பார்க்கிற துறை இது. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 இதற்கு ஆதாரம். சென்னைப் பெருநகரப் பகுதியை சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் பார்த்துக்கொள்கிறது. மற்ற இடங்கள் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கீழ் வருகின்றன. செய்தித்தாள் விளம்பரத்தில் 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு' என்று கொட்டை எழுத்தில் வருகிறதே, அந்த டி.டி.சி.பி. இதுதான்.

அலுவலகத்தில் இரண்டு கை உண்டு. மேற்பார்வையாளர், வரைவாளர் போன்றவர்கள் தொழில்நுட்பக் கை. வரைபடத்தைப் படிப்பது, இடத்தைப் போய்ப் பார்ப்பது, விதியோடு ஒப்பிடுவது அவர்கள் பாடு. நீங்கள் நிர்வாகக் கை. "நமக்கு வரைபடம் புரியாது, தபாலைப் பதிந்து மேலே அனுப்பினால் போதும்" என்று நினைத்துச் சேர்கிறவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்துத்தான் சேர்ந்தேன். கண்காணிப்பாளராக ஓய்வு பெறும்போது எனக்குத் தெரிந்திருந்தது இதுதான்: ஒரு கோப்பில் உள்ள காகிதங்கள் எல்லாம் ஒரே நிலத்தைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்று முதலில் பார்க்கிற கண் நிர்வாகப் பிரிவினுடையது. அந்தக் கண் தவறினால், பின்னால் வருகிற நிபுணர்கள் எல்லாரும் தவறான நிலத்தின்மேல் சரியான கணக்குப் போடுவார்கள்.

முதல் வாரம்: அளவும் பெயரும்

சட்டப் புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அளவுகளை மனப்பாடம் செய்யுங்கள். ஒரு ஏக்கர் 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். சென்னைப் பக்கத்துக் கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், ஏறத்தாழ 2 ஏக்கர் 47 சென்ட். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். பட்டாவில் 1.01.50 என்று இருந்தால் அது தசமப் புள்ளி எண் அன்று. ஒரு ஹெக்டேர், ஒரு ஏர், 50 சதுர மீட்டர். மொத்தம் 10,150 சதுர மீட்டர். புதியவர்கள் இதை 1.0150 என்று கணிப்பானில் தட்டுவார்கள். விடை தற்செயலாகச் சரியாக வந்துவிடும். ஏன் சரியாக வந்தது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. ஏர் ஒற்றை இலக்கமாக, பூஜ்யம் விட்டு 1.1.50 என்று எழுதிய பழைய காகிதம் ஒன்று வரும்போது அகப்பட்டுக்கொள்வார்கள்.

அடுத்து, ஆவணங்களின் பெயரும் அவற்றைத் தருகிறவர்களும். கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வரும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவை வருவாய், நில அளவைத் துறைகளிலிருந்து வரும். நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் வேண்டும். பத்திரம் யாரிடமிருந்து யாருக்கு நிலம் போனது என்று சொல்கிறது. பட்டா வருவாய்க் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று சொல்கிறது. அ-பதிவேடு அந்த நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று சொல்கிறது. புலப்படம் அதன் வடிவத்தையும் பக்கத்தில் ஓடை, வண்டிப்பாதை இருக்கிறதா என்பதையும் காட்டுகிறது. நான்கையும் மேசையில் பரப்பி வைத்து, ஒரு விரலைப் புல எண்ணின்மேல் (சர்வே நம்பர் என்பது இதுதான்) வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகருங்கள். கணினித் திரையில் இதைச் செய்வது கடினம். இன்று விண்ணப்பம் ஒற்றைச்சாளர இணையதளம் வழியாக வந்தாலும், நான் என் பிரிவினரிடம் இந்த நான்கை மட்டும் அச்செடுத்துப் பார்க்கச் சொல்வேன். காகிதம் வீண் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

'இ' என்ற எழுத்து

பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். பழைய பத்திரம் ஒன்றில் புல எண் 87/2இ என்று இருந்தது. அந்தக் காலத்தில் உட்பிரிவுகளைத் தமிழ் வரிசையில் அ, ஆ, இ என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே 'இ' என்பது மூன்றாம் உட்பிரிவு. இன்றைய பட்டாவில் அது 87/2சி. நான் காதால் படித்தேன். 'இ' என்றால் ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்து என்று எண்ணி, அப்படியே வட்டாட்சியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அவர்கள் அந்த ஐந்தாம் உட்பிரிவைப் போய்ப் பார்த்து, ஒழுங்காக அறிக்கையும் அனுப்பினார்கள். வேறொருவரின் வயலைப் பற்றிய அறிக்கை.

கோப்பு இரண்டரை மாதம் பின்னே போனது. நிலத்துக்காரர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வருகிற கூட்டத்தோடு வந்து, திரும்பிப் போகும்போது என் மேசைக்கு எதிரே நிற்பார். "தம்பி, வந்துவிட்டதா?" என்பார். ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் நினைவிருந்திருக்காது.

அதற்குப் பிறகு எந்தக் கோப்பிலும் முதல் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போடுவது என் வழக்கமாயிற்று. பத்திரப்படி புல எண், பட்டாப்படி புல எண், பழைய புல எண், பரப்பு இரண்டு அளவிலும். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லாரும் யூ.டி.ஆர். என்று சொல்வார்களே, அதில் பல பட்டாக்கள் மாறின. அளவு ஏக்கரிலிருந்து ஹெக்டேருக்குப் போனது. அதற்கு முந்தைய பத்திரமும் அதற்குப் பிந்தைய பட்டாவும் ஒத்துப்போகாவிட்டால் உடனே மோசடி என்று சந்தேகப்படாதீர்கள். ஒத்துப்போகவில்லை என்று எழுதிவிட்டு, இணைப்பு ஆவணம் கேளுங்கள்.

கோப்பைப் பிறப்பிப்பது

தபால் வந்ததும் தேதி முத்திரை, பகிர்மானப் பதிவேடு, அங்கிருந்து உங்கள் தன்பதிவேடு, அதில் விழுகிற ந.க. எண், அதாவது கோப்பின் அடையாள எண். மின் அலுவலகம் வந்தபின் இதில் பெரும்பகுதி திரையில் நடக்கிறது. வரிசை அதேதான். இதைக் கண்காணிப்பாளர் ஒரே மணி நேரத்தில் சொல்லித்தருவார். நான் சொல்ல விரும்புவது, எந்தத் தாளும் உங்கள் இழுப்பறையில் எண் இல்லாமல் ஒரு இரவு தூங்கக்கூடாது. எண் இல்லாத தாள் காணாமல் போனால் அது இருந்ததற்கே சாட்சி இல்லை.

புதிய கோப்பு தொடங்கும் முன் அதே புல எண்ணில் பழைய கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட விண்ணப்பம், புதிய உரிமையாளர் பெயரில் புத்தம் புதிதாக வரும். அப்போது மறுக்கப்பட்ட காரணம், நடுவில் ஓடை போகிறது என்பதுபோல், இன்றும் அங்கேயேதான் இருக்கும்.

நடப்புக் கோப்பில் வந்த தாள்கள், குறிப்புக் கோப்பில் உங்கள் எழுத்து. குறிப்பு எழுதுவதில்தான் ஆளின் தரம் தெரியும். "மனுதாரரின் மனு பரிசீலிக்கப்பட்டது. உரிய ஆணை பிறப்பிக்கலாம்" என்று எழுதுவது குறிப்பே இல்லை, கையெழுத்துக்கு இடம் பிடித்துவைப்பது. இப்படி எழுதுங்கள்:

"கிரயப் பத்திரத்தில் பரப்பு 2 ஏக்கர் 45 சென்ட் (நடப்புக் கோப்பு பக்கம் 23). பட்டாவில் 1.01.50 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கர் 51 சென்ட் (பக்கம் 31). வேறுபாடு 6 சென்ட். விண்ணப்பத்தில் பத்திர அளவே காட்டப்பட்டுள்ளது. ஆணைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது."

ஆறு சென்ட் என்ன பெரிய காரியம் என்று தோன்றும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019ஐ எடுத்துப் பாருங்கள். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10,000ஐத் தாண்டினால் நிலமாகவே தர வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். 2 ஏக்கர் 45 சென்ட் என்பது சுமார் 9,915 சதுர மீட்டர். பட்டாவின் அளவு 10,150. ஒரு கணக்கில் அந்த ஊருக்குப் பூங்கா வரும். மற்றொன்றில் கருவூலத்துக்குப் பணம் வரும். எந்த அளவை எடுத்துக்கொள்வது என்பதை அதிகாரி முடிவெடுப்பார், இடத்தை அளந்தும் பார்ப்பார்கள். வேறுபாடு இருக்கிறது என்று சொல்ல வேண்டியது நீங்கள். சொல்லாமல் விட்டால், தணிக்கையில் கேள்வி வரும்போது குறிப்புக் கோப்பில் முதலில் தேடப்படுவது உங்கள் கையெழுத்து.

ஒரு மனைப்பிரிவுக் கோப்பு போகிற பாதை

இதை ஒருமுறை முழுதாகப் பின்தொடர்ந்தால் மற்றவை எளிது. விண்ணப்பம் வருகிறது. ஆவணச் சரிபார்ப்பு. அந்த இடம் முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) வருகிறதா, விரிவான அபிவிருத்தித் திட்டத்துக்குள்ளா, இரண்டிலும் இல்லாத திட்டமில்லாப் பகுதியா என்று முதலில் பிரிக்க வேண்டும். திட்டப் பகுதி என்றால் புல எண் வாரியாக நிலப் பயன்பாடு ஏற்கனவே குறிக்கப்பட்டிருக்கும். விவசாயம் என்று குறித்த இடத்தில் வீட்டுமனை வேண்டுமானால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவின்கீழ் நிலப்பயன் மாற்றம் கேட்டு வர வேண்டும். திட்டமில்லாப் பகுதி என்றால் 47ஏ பிரிவு. நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். திட்டத்தின் நிலப் பயன்பாட்டுப் பட்டியலில் 'புல எண் 87 (பகுதி)' என்று போட்டிருந்தால் மட்டும் கவனம். எந்தப் பகுதி என்பது வரைபடத்தில்தான் தெரியும். பட்டியலை மட்டும் பார்த்து நிலப் பயன்பாட்டுச் சான்றுக்கு வரைவு எழுதாதீர்கள். வரைவாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிறகு இட ஆய்வு. தேவைக்கேற்ப மற்றத் துறைகளின் கருத்து: நீர்நிலை அருகில் என்றால் நீர்வளத் துறை, மலைக் கிராமம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம், தொல்லியல் சின்னம் அருகில் என்றால் அந்தத் துறை. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தஞ்சாவூரிலோ காஞ்சிபுரத்திலோ பணி என்றால் இது அடிக்கடி வரும். கடிதங்கள் போகும்; பதில் வராது. நினைவூட்டு நாட்குறிப்பை ஒழுங்காக வைத்திருக்கிறவரின் கோப்புதான் நகரும். மூன்றாவது நினைவூட்டுக்கும் பதில் இல்லை என்றால் அதிகாரியின் பெயரில் நேர்முகக் கடிதத்துக்கு (டி.ஓ. லெட்டர்) வரைவு வையுங்கள். அதைவிடச் சிறந்தது, அந்த அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்க்கிற உதவியாளருக்குத் தொலைபேசியில் பேசி "உங்கள் ந.க. எண் என்ன, மேடம்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது. அடுத்த கடிதத்தின் 'பார்வை'யில் அந்த எண்ணைப் போட்டால், அது அங்கே புதுத் தபாலாகப் பிறக்காமல் நேரே பழைய கோப்புக்குப் போய்ச் சேரும்.

சாலை அமைப்பு ஏற்கப்பட்டதும், சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிந்து தர வேண்டும். இங்கே மறுபடி உங்கள் கண். தானப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள பரப்பும் வரைபடத்தில் உள்ள பரப்பும் ஒன்றா? நான்கு எல்லைகள் பொருந்துகின்றனவா? யார் பெயருக்குத் தானம், பேரூராட்சியா, ஊராட்சியா? பதிந்தபின் எடுத்த வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா? பொது அதிகார ஆவணத்தின்மேல் ஒருவர் கையெழுத்திட்டிருந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேளுங்கள். பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் அதோடு போயிற்று. இவை முடிந்தபின் தொழில்நுட்ப ஒப்புதல். கடைசி அங்கீகாரத்தை உள்ளாட்சி தரும். "டி.டி.சி.பி.யில் வாங்கிவிட்டேன், விற்கத் தொடங்கலாமா?" என்று கேட்டு வருகிறவருக்கு இந்தக் கடைசிப் படியைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வரன்முறைப்படுத்தல் தனிக் கதை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்குத் தடை வந்தபின், 2017இல் அதற்கென விதிகள் வந்தன. மனைப்பிரிவில் ஒரு மனையாவது 2016 அக்டோபர் 20ஆம் தேதி அல்லது அதற்கு முன் விற்றுப் பதிவாகியிருக்க வேண்டும். பத்திரம் எழுதிய தேதியும் பதிவான தேதியும் வேறாக இருக்கும். இரண்டையும் குறிப்பில் எழுதுங்கள்.

கடிதம் எழுதும்போது

'பொருள்' என்ற ஒரே வரியில் கோப்பு முழுதும் இருக்க வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், பரப்பு, என்ன கோரிக்கை, இப்போது என்ன கேட்கிறோம் என்ற வரிசையில் கோடுகளால் பிரித்து எழுதுவது நம் வழக்கம். பார்ப்பதற்கு ரயில் பெட்டி போல இருக்கும்; ஆனால் பயனுள்ள ரயில்.

குறைபாட்டுக் கடிதத்தில் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேளுங்கள். இந்த மாதம் வில்லங்கச் சான்று, அடுத்த மாதம் புலப்படம், அதற்கடுத்த மாதம் தடையின்மைச் சான்று என்று தவணையில் கேட்பதைப் போலக் கொடுமை வேறில்லை. அப்படிக் கேட்கிற இடத்தில்தான் தரகர் முளைக்கிறார். "தேவையான ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும்" என்று பொதுவாக எழுதாமல், எந்த ஆவணம், எந்தக் காலத்துக்கு, யாரிடம் வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். அசல் பத்திரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரவில் உங்கள் பீரோவில் ஒருவரின் மூலப்பத்திரம் இருந்தால் உங்களுக்குத்தான் தூக்கம் கெடும்.

மேசைக்கு எதிரே நிற்கிறவர்

"கிடைத்துவிடும்" என்ற சொல்லை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். நீங்கள் மரியாதைக்குச் சொல்வீர்கள். அவர் அதை நம்பி முன்பணம் வாங்கிவிடுவார். "கோப்பு வட்டாட்சியர் அறிக்கைக்குப் போயிருக்கிறது ஐயா, 14ஆம் தேதி நினைவூட்டு அனுப்பினோம்" என்று சொன்னால் போதும். உட்காரச் சொல்லுங்கள், நாற்காலி இல்லாவிட்டால் வாங்கிப் போடச் சொல்லிக் குறிப்பு வையுங்கள். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு வருகிறவரை வாசலிலேயே வணங்கி அனுப்பிவிடுங்கள். ஒரு பெட்டியை வாங்கினால், அடுத்த ஆண்டு உங்களை 'நம்ம ஆள்' என்று வெளியே சொல்லிக்கொள்வார். அந்தப் பெயர் ஒட்டினால் உரியாது.

தேதி கடிக்கிற தபால்கள்

நீதிமன்ற ஆணையும் தகவல் உரிமை மனுவும் மற்றத் தபாலோடு சேரக்கூடாது. "மனுவைப் பரிசீலித்து எட்டு வாரத்துக்குள் முடிவெடுக்க" என்று உயர் நீதிமன்றம் சொல்லும்போது, பெரும்பாலும் ஆணையின் நகல் கிடைத்த நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும். நகல் எப்போது கிடைத்தது என்பதற்குச் சாட்சி உங்கள் தேதி முத்திரைதான். முத்திரையில் நேற்றைய தேதி மாறாமல் இருந்துவிட்டது என்று அவமதிப்பு வழக்கில் சொல்ல முடியாது. காலையில் முதல் வேலையாக முத்திரையின் தேதியைத் திருப்புங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி 30 நாள். கேட்ட தகவல் வேறு அலுவலகத்துடையது என்றால் 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். ஐந்து நாள் என்பது ஒரு வார இறுதியில் கரைந்துவிடும். மனு வந்த அன்றே படித்துப் பாருங்கள்.

முடித்து வைப்பது

கோப்பு முடிந்ததும் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று பிரிக்க வேண்டும். ஓ.மு. ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். இந்த இரண்டு எழுத்தை அசிரத்தையாகப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன், ஒரு தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தங்கள் மனைப்பிரிவில் பூங்கா என்று விட்ட இடத்தில் ஒருவர் கடைக்கால் தோண்டிவிட்டார். வரைபடத்தின் நகல் வேண்டும் என்றார்கள். அங்கீகாரம் 1980களில் கொடுத்தது. உள்ளாட்சியில் கோப்பு கிடைக்கவில்லை. எங்கள் பதிவறையில் இரண்டு நாள் தேடி, மூன்றாம் நாள் மாலையில் அகப்பட்டது. அமோனியா அச்சு, பழுப்பேறி, எட்டாக மடித்து வைத்திருந்தார்கள். மடிப்புகள் சந்திக்கிற இடம் ஓட்டையாகியிருந்தது. ஓட்டை விழுந்த இடம் பூங்கா. 'பூங்' மட்டும் மிச்சம். ஓரத்தில் இருந்த பரப்புப் பட்டியலில் பூங்காவின் அளவும் அது எந்த மனைகளுக்கு நடுவே என்பதும் தெளிவாக இருந்ததால் நகல் கொடுக்க முடிந்தது.

அங்கீகரித்த வரைபடத்தை ஒருபோதும் மடிக்காதீர்கள். சுருட்டி, உருளையின் வெளிப்பக்கத்தில் அங்கீகார எண்ணோடு கிராமத்தையும் புல எண்ணையும் எழுதுங்கள். உட்பிரிவு எழுத்து தமிழா ஆங்கிலமா என்பதையும் சேர்த்து.